நிழலைத் தொலைத்த விளையாட்டு



கண்ணாமூச்சி ஆடாத பிள்ளை உலகத்தில் இல்லை. ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறான்; மற்றவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். ஓடிப் பிடிக்கும் விளையாட்டுக்குக் கால் வலிமை வேண்டும். ஒளியும் விளையாட்டுக்கோ வேறு வகையான வலிமை வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். காலடி ஓசையை அடக்க வேண்டும். ஆசையையும் அடக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தேடி வருபவன் எங்கே நிற்கிறான், அவன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவனுடைய இடத்திலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பழைய விளையாட்டைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு. அப்படி வந்த விளையாட்டுகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இருளில் மறைந்து விளையாடிய அந்த விளையாட்டை இன்றைய புதிய கணினியில் போட்டால் ஒரு விந்தை நடக்கிறது. நிரல் ஓடுகிறது, படம் தெரிகிறது, ஆனால் நிழல் காணாமல் போய்விடுகிறது! அது ஏன் போயிற்று, எப்படி மீண்டும் வந்தது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் இந்த விளையாட்டு வகையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சைலஸ் வார்னர் என்பவர் ஆப்பிள் கணினிக்காகக் 'காசில் உல்ஃபென்ஸ்டைன்' என்ற விளையாட்டை அமைத்தார். கோட்டைக்குள் சிறைப்பட்ட ஒருவன் காவலரின் கண்ணில் படாமல் தப்பிக்க வேண்டும். 1987-இல் ஜப்பானில் ஹிதேயோ கோஜிமா 'மெட்டல் கியர்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அது ஓடிய எம்எஸ்எக்ஸ்-2 கணினிக்கு ஒரே நேரத்தில் பல வீரர்களையும் பல குண்டுகளையும் திரையில் காட்டும் வலு போதவில்லை. 'சண்டை காட்ட முடியாவிட்டால் என்ன? சண்டையைத் தவிர்ப்பதையே விளையாட்டாக வைப்போம்' என்று அவர் திருப்பிக்கொண்டார். கருவியின் குறையே ஒரு புதிய வகைக்கு வித்தாக அமைந்தது.

அடுத்து 1998-இல் 'தீஃப்' என்ற விளையாட்டு வந்தது. இருளையும் ஓசையையும் விளையாட்டின் சட்டமாகவே ஆக்கியது அதுதான். அதற்குப் பின், 2002-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள யூபிசாஃப்ட் கூடம் 'ஸ்பிளிண்டர் செல்' என்ற விளையாட்டை எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக வெளியிட்டது. 2003-இன் தொடக்கத்தில் அது கணினிக்கும் வந்தது. நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. விடுதியில் கணினி வைத்திருந்த நண்பரின் அறையில் இரவு நேரங்களில் ஆள் குறையாமல் இருந்ததற்கு இந்த விளையாட்டே காரணம்.

இதன் நாயகன் சாம் ஃபிஷர் என்னும் நடுத்தர வயது ஒற்றன். கதை கற்பனை, அதில் வரும் அவனுடைய இரகசியப் பிரிவும் கற்பனை. ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசி, அமெரிக்க உளவுத்துறையின் தலைமையகம், மியன்மாரிலுள்ள சீனத் தூதரகம் என்று கதை பல இடங்களில் நடக்கிறது. எங்கே சென்றாலும் அவனுக்கு இட்ட வேலை ஒன்றுதான்: போனது தெரியாமல் போய், வந்தது தெரியாமல் வர வேண்டும்.

திரையின் கீழ்ப்பக்கத்தில் சிறிய ஒளியளவி ஒன்று இருக்கிறது. நாயகன் வெளிச்சத்தில் நின்றால் அதன் முள் ஒரு பக்கம் போகிறது; இருளில் நின்றால் மறுபக்கம் வருகிறது. விளக்கின் பொத்தானை அணைக்கலாம். விளக்கையே சுட்டு உடைக்கலாம். ஆனால் ஓசை கேட்டால் காவலன் பார்க்க வருவான். பல கட்டங்களில் மூன்று முறை அபாய மணி ஒலித்தால் பணி தோற்றுவிடும். நடையின் வேகம்கூட நம் கையில் இருக்கிறது. கணினிப் பதிப்பில் சுட்டியின் நடுச்சக்கரத்தை உருட்டினால் நடை மெதுவாகும் அல்லது விரைவாகும். மெதுவாக நடப்பவன் காதில் விழமாட்டான்.

பள்ளிக்கூடத்துப் பாடம் போன்ற ஓர் இடமும் இதில் உண்டு. எண்களை அழுத்தித் திறக்கும் கதவு ஒன்று. காவலன் எண்களை அழுத்திவிட்டு உள்ளே போகிறான். உடனே நாயகன் வெப்பத்தைக் காட்டும் கண்ணாடியால் அந்த எண்பலகையைப் பார்க்கிறான். விரல் பட்ட எண்களில் உடற்சூடு தங்கியிருக்கிறது. மிகச் சூடாகத் தெரிவது கடைசியாக அழுத்திய எண். மிக மங்கலாகத் தெரிவது முதலில் அழுத்திய எண். சூடு பரவும், நேரம் ஆக ஆக ஆறும் என்ற அறிவியல் உண்மை அங்கே கதவைத் திறக்கும் சாவியாகிறது.

இன்னொன்றையும் பெற்றோர்கள் அறிய வேண்டும். இது பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்று அமெரிக்காவில் வகைப்படுத்தப்பட்டது. துப்பாக்கி இதில் உண்டு. ஆயினும் அதை எடுக்காமல் முடிப்பதே திறமை. உளவுத்துறைத் தலைமையகத்தில் நடக்கும் கட்டத்தில் ஒருவரைக் கொன்றாலும் பணி தோற்றுவிடும். பொறுமைதான் அங்கே ஆயுதம்.

சரி, இப்போது நிழலுக்கு வருவோம். கணினி எப்படி நிழலை வரைகிறது? தோட்டப்புறத்து நேயர்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த விளக்கைக் கட்டியிருப்பவர் தம் முன்னே இருக்கும் மரத்தைப் பார்க்கிறார். அந்த மரத்தின் நிழல் அவர் கண்ணுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. ஏன்? விளக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன. விளக்கின் ஒளி எங்கே போகிறதோ அங்கேதான் கண்ணும் போகிறது. நிழல் முழுவதும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பக்கத்து நிரையில் நிற்கும் இன்னொருவருக்குத்தான் அந்த நீண்ட கரிய நிழல் தெரியும்.

இதிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. விளக்கின் கண்ணுக்கு எது தெரிகிறதோ அது வெளிச்சம்; எது தெரியவில்லையோ அது நிழல். 1978-ஆம் ஆண்டு லான்ஸ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த உண்மையை வைத்தே கணினிக்கு நிழல் வரையும் முறை ஒன்றை வெளியிட்டார். முதலில் விளக்கு இருக்கும் இடத்திலிருந்து காட்சியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திசையிலும் முதலில் தட்டுப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஒரு பட்டியலாகக் குறித்துவைக்க வேண்டும். பிறகு விளையாடுபவர் பார்க்கும் இடத்திலிருந்து படத்தை வரையும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கேள்வி: 'நீ விளக்கிலிருந்து எவ்வளவு தூரம்?' பட்டியலில் உள்ள தூரமும் அந்தப் புள்ளி சொல்லும் தூரமும் ஒன்றானால் அங்கே வெளிச்சம். புள்ளி அதைவிடத் தள்ளி இருந்தால், நடுவில் ஏதோ மறைக்கிறது என்று பொருள், அங்கே நிழல்.

வழி தெரிந்தாலும், ஒரு வினாடிக்கு முப்பது படம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு படத்திலும் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அக்காலத்து வீட்டுக் கணினிகளுக்கு வலு இல்லை. 2001-ஆம் ஆண்டு என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் 3 என்ற வரைகலை அட்டை வந்தது. தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அந்த அட்டையே தன் வன்பொருளில் செய்தது. அதே ஆண்டு வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் கருவியிலும் அதே நிறுவனத்தின் சில்லுதான் இருந்தது. ஸ்பிளிண்டர் செல்லை அமைத்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சன்னல் பலகைகளின் இடுக்கில் விழும் ஒளிக்கீற்று, அசையும் திரைச்சீலையின் நிழல், நடந்து வரும் காவலனுக்கு முன்னால் சுவரில் ஊர்ந்து வரும் அவனுடைய உருவம் எல்லாம் அதனால் வந்த அழகுகள். அவை அழகு மட்டுமா? நாயகன் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதைச் சொல்லும் எல்லைக்கோடுகளும் அவையே.

இனி, அந்த நிழல் ஏன் தொலைந்தது என்று பார்ப்போம்.

அக்காலத்தில் விளையாட்டு நிரலும் வரைகலை அட்டையும் பேசிக்கொள்ள 'டைரக்ட் த்ரீடி 8' என்ற பொது ஒழுங்கு இருந்தது. தூரப் பட்டியலை இப்படி எடுத்துப் படித்து ஒப்பிடலாம் என்று அந்தப் பொது ஒழுங்கில் எழுதப்படவில்லை. என்விடியா தன் அட்டைகளில் தனியாகக் கொடுத்த சலுகை அது. நம் ஊர் மளிகைக்கடையின் '555' கணக்குப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். சம்பளம் வரும்வரை கடனுக்குச் சாமான் வாங்கலாம். கடைக்காரர் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். சட்டப் புத்தகம் எதிலும் அது இல்லை, பழகிய பழக்கம். கடை கை மாறிப் புதியவர் வந்தால், பழைய புத்தகத்தை நீட்டினால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பொருள் அங்கேயே இருக்கிறது. கடையும் அங்கேயே இருக்கிறது. பழக்கம் மட்டும் போய்விட்டது.

புதிய வரைகலை அட்டைகளில் நடந்தது இதுவே. அவை பழையவற்றைவிடப் பன்மடங்கு வலிமை உடையவை. இந்த விளையாட்டின் நிழலைப்போல் ஆயிரம் நிழலை வரைய அவற்றால் முடியும். ஆனால் அந்தப் பழைய சலுகையைப் பழைய முறையில் கேட்டால் அவற்றுக்கும் அவற்றை இயக்கும் துணைநிரல்களுக்கும் ஒழுங்காகப் புரிவதில்லை. வலிமை குறைந்ததால் நிழல் போகவில்லை, நேயர்களே. பேச்சு புரியாததால் போயிற்று.

முதல் ஸ்பிளிண்டர் செல்லை அமைத்தவர்கள் முன்யோசனையோடு இரண்டாம் வழி ஒன்றையும் வைத்திருந்தார்கள். என்விடியா அட்டை இல்லாதவர்களுக்காக, நிழலைப் படமாக எடுத்துப் பொருள்களின் மீது ஒளிப்படக் கருவி பாய்ச்சுவதுபோல் பாய்ச்சும் முறை அது. இன்றைய கணினியில் அந்த விளையாட்டு பெரும்பாலும் இந்த இரண்டாம் வழிக்கே போய்விடுகிறது. விளையாடலாம், ஆனால் நிழல் கரடுமுரடாக இருக்கும். ஒரு பொருளின்மேல் விழுந்த நிழல் அதையும் ஊடுருவிப் பின்னால் உள்ள பொருளின்மேலும் விழும்.

இரண்டாம் விளையாட்டின் நிலைதான் மோசமாயிற்று. 'பாண்டோரா டுமாரோ' என்ற அந்த விளையாட்டு 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அதன் கதைப்பகுதியை முதன்மையாக அமைத்தது ஷாங்காயிலுள்ள யூபிசாஃப்ட் கூடம். நமக்கு அண்டை நாடுகளான கிழக்குத் திமோரிலும் இந்தோனேசியாவிலும் அதன் கதை நடக்கிறது. முதல் கட்டமே டிலி நகரிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில்தான். கிழக்குத் திமோர் சுதந்திரம் பெற்றது 2002 மே 20-இல். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குள் அந்த நாட்டைத் தன் களமாக வைத்துக்கொண்டது இந்த விளையாட்டு. கதை முற்றிலும் கற்பனை என்றாலும், வெப்பமண்டலத்துக் காடும் மழைக்கால வானமும் நம் கண்ணுக்குப் பழகியவை.

இந்த இரண்டாம் விளையாட்டில் மாற்று வழி வைக்கப்படவில்லை. ஆகவே புதிய கணினியில் சில விளக்குகளின் ஒளியும் நிழலும் அடியோடு தெரியாமல் போயின. பள்ளி விடுமுறையில் நான்காம் படிவத்தில் படிக்கும் என் அண்ணன் மகனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவன் கேட்டான்: "சித்தப்பா, நான் இருட்டிலதானே நிக்கிறேன்? அவன் எப்படி என்னைப் பார்த்தான்?"

நல்ல கேள்வி. விடை இதுதான். விளையாட்டில் வரும் காவலன் நம்மைப்போல் திரையைப் பார்ப்பதில்லை. எந்த விளக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் ஒளி வீசுகிறது என்று விளையாட்டு தன்னுள் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. காவலனின் கண் அந்தக் கணக்குதான். வரைகலை அட்டை வரைவது நம் கண்ணுக்கான படம். பழைய கணினியில் கணக்கும் படமும் ஒன்றாக இருந்தன. புதிய கணினியில் கணக்கு அப்படியே இருக்கிறது. படத்தில் மட்டும் விளக்கு இல்லை. காவலனுக்குத் தெரியும் வெளிச்சம் நமக்குத் தெரியவில்லை!

கண்ணாமூச்சியில் நாம் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, தேடுபவனுக்கு மட்டும் தூண் கண்ணாடியாகிவிட்டால் எப்படி? அது விளையாட்டாக இருக்காது; ஏமாற்றாக இருக்கும். விளையாட்டுக்கு உயிர் நடுவுநிலைமை. சட்டம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; இருவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஓட்டப்பந்தய விளையாட்டு ஒன்றில் நிழல் போனால் அழகு சற்றுக் குறையும், அவ்வளவுதான். மறைந்து ஆடும் விளையாட்டில் நிழல் போனால் சட்டமே போய்விடுகிறது. தோற்ற சிறுவன் 'எனக்குத் திறமை இல்லை' என்று நினைத்துக்கொள்வான். அல்லது 'அந்தக் காலத்து விளையாட்டே மட்டம்' என்று தள்ளிவிடுவான். இரண்டும் அநியாயம். முதலாவது அவனுக்கு இழைக்கும் அநியாயம். இரண்டாவது அதை உருவாக்கியவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் யார்? பெரிய நிறுவனங்கள் அல்லர். பெரும்பாலும் ஊதியம் எதிர்பாராத தனி மனிதர்கள். 'டிஜிவூடூ' என்ற ஒரு சிறு நிரல் இருக்கிறது. துரை பேசிய ஆங்கிலத்தைத் தொழிலாளிக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன தோட்டத்துக் கிராணியைப்போல அது நடுவில் நிற்கிறது. பழைய விளையாட்டு பழைய பேச்சில் கேட்பதை வாங்கி, புதிய அட்டைக்குப் புதிய பேச்சில் சொல்கிறது. 'நான்தான் ஜிஃபோர்ஸ் 4' என்று விளையாட்டுக்கு முன்னால் பழைய அட்டையின் வேடம் போடவும் அதற்குத் தெரியும். பழைய அட்டை கொடுத்த எழுதப்படாத சலுகையையும் ஆராய்ந்து அறிந்து, அதையும் அவர்கள் அதற்குள் சேர்த்தார்கள். நிழல் மீண்டும் சுவரில் விழுந்தது.

வேறு சில இடையூறுகளும் உண்டு. அக்காலத் திரை நான்குக்கு மூன்று என்ற அளவில் சற்றுச் சதுரமாக இருந்தது. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது என்று நீண்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் சாம் ஃபிஷர் அழுத்திய மாவுருண்டைபோல் அகன்றுவிடுவார். இதற்கும் திருத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, குறுவட்டின் பூட்டு. திருட்டுப் பிரதியைத் தடுக்க அக்காலத்துப் பல விளையாட்டுகளின் வட்டுகளில் 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகள் இருந்தன. பாதுகாப்புக் காரணத்தினால் 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டை ஏற்பதை நிறுத்திவிட்டது. திருடனுக்காகப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வாங்கியவனையே வெளியில் நிறுத்தியது.

வீட்டில் பழைய விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். முறையாக வாங்கிய பிரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எதையும் திருத்தாமல் ஓட்டிப் பார்த்து, எது சரியில்லை என்று தாளில் எழுதுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்பது தெரியாது. கடைசியாக ஒரு சோதனை. நாயகனை ஒரு விளக்கின் கீழே நிறுத்தி, அந்த விளக்கை அணையுங்கள். திரை இருள வேண்டும். ஒளியளவியின் முள்ளும் இருள் பக்கம் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் விளையாட்டு நலமாக இருக்கிறது. ஒன்று மட்டும் நடந்தால் இன்னும் எங்கோ பழுது உண்டு. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஒளிக்கு நேர்ந்தது ஓசைக்கும் நேர்ந்தது. முன்னர்க் குறிப்பிட்ட 'தீஃப்' விளையாட்டை அமைத்தது, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த லுக்கிங் கிளாஸ் என்ற கூடம். அதில் கல் தரையில் நடந்தால் ஓசை அதிகம். கம்பளத்தில் நடந்தால் குறைவு. கதவு மூடியிருந்தால் ஓசை மறுபக்கம் போவது குறையும். காவலன் பெரிய மண்டபத்தில் வருகிறானா, குறுகிய நடையில் வருகிறானா என்பதை எதிரொலியைக் கொண்டே காதால் அறியலாம். அந்த எதிரொலியை உண்டாக்கியவை அக்காலத்து ஒலி அட்டைகள். 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, நிரல்கள் அந்த அட்டைகளோடு நேராகப் பேசிய பழைய வழியை மூடியது. அறைக்கு அறை மாறும் அந்த எதிரொலி மறைந்தது. காவலன் நம்மைக் கேட்பது குறையவில்லை. நாம் அவனைக் கேட்பது குறைந்தது.

இதைச் சரிசெய்ய அந்தக் கூடம் இல்லை. அது 2000-ஆம் ஆண்டு மே மாதமே மூடப்பட்டுவிட்டது. ஆனால் 2012-ஆம் ஆண்டு, புனைபெயர் மட்டும் இட்டுக்கொண்ட ஒருவர், தொடரின் இரண்டாம் விளையாட்டுக்குப் புதிய கணினிகளில் ஓடும் திருத்திய வடிவத்தை வெளியிட்டார். அதைக்கொண்டு முதல் விளையாட்டையும் ஓட்டலாயிற்று. எதிரொலியும் திரும்பி வந்தது. தம் உண்மைப் பெயரை அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மறைந்து ஆடும் விளையாட்டை மறைந்திருந்தே ஒருவர் காத்தார்!

'பழைய விளையாட்டுக்கு இவ்வளவு பாடா?' என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். விளையாட்டை விட்டுவிட்டு நம் பள்ளிக்கூடத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். தொண்ணூறுகளில் கணினியில் தட்டெழுதி வைத்த ஆண்டு மலர், பாட்டுப் போட்டிக்கு எழுதிய பாடல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதிய தோட்ட வரலாறு ஆகியவை பழைய வட்டில் பத்திரமாக இருக்கலாம். இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற குறிகள் வரிசையாக நிற்கும். ஏன்? அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்தது. இன்று உலகம் முழுவதும் ஒருங்குறி என்ற ஒரே ஒழுங்கு நடைமுறையில் இருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்தும் அழியவில்லை. அதைப் படிக்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. பாண்டோரா டுமாரோவின் விளக்குகளுக்கு நேர்ந்த அதே கதைதான். அதற்கும் எழுத்துரு மாற்றும் நிரல்கள் உண்டு. ஆனால் எந்த எழுத்துருவில் தட்டினோம் என்று ஒருவர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அரை நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

ஆகவே, ஒரு பொருளைக் காப்பது என்றால் மூன்றைக் காக்க வேண்டும். ஒன்று, அந்தப் பொருள். இரண்டு, அது எதை நம்பி இயங்கியது என்ற குறிப்பு. மூன்று, அந்தக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள். பூட்டிய அலமாரி முதலாவதை மட்டுமே காக்கும். மற்ற இரண்டையும் நாம்தான் காக்க வேண்டும்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், முதல் ஸ்பிளிண்டர் செல்லைப் புதிதாக மீண்டும் அமைக்கப் போவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. புதியது வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பழைய கோவிலை இடித்த இடத்தில் புதிய கோவிலைக் கட்டினால், பழைய சிற்பியின் கையைப் பின்னால் வருபவர்கள் பார்க்க முடியாது. 2002-இல் குறைந்த வலுவுள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டு, ஒரு திரைச்சீலையின் நிழலுக்காக அந்தக் கூடத்தார் எவ்வளவு சிந்தித்தார்கள் என்பதை அந்தப் பழைய நிரல் ஒன்றுதான் காட்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வட்டு இருக்கலாம். ஒரு பழைய கணினி மூலையில் தூசி படிந்து கிடக்கலாம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து அதைத் திறந்து பாருங்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை வட்டோடு சேர்த்து வையுங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கப் போகிறவருக்கு அந்த நோட்டுத்தான் விளக்கு.